மலைநாட்டில் ஆசீர்வாதப்பர் துறவிகள்

நாவலப்பிட்டியிலிருந்து மேல்நோக்கிப் புறப்படும் புகையிரதம், மலைச் சரிவுகளைச் சுற்றிச் சுற்றி ஏறி, கலபொடையைக் கடந்து வட்டவளையை அடைகின்றது. கடல் மட்டத்துக்குச் சுமார் 3,000 அடி உயரத்தில் அமைந்த இவ்வூர், இலங்கையில் மிகுந்த மழை பெறும் இடங்களுள் ஒன்று. ஆண்டொன்றுக்கு 200 அங்குல அளவில் மழை பொழிவதுண்டு. தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்கிவிட்டால் ஆடி, ஆவணி மாதங்களிலே சூரியனைக் காண்பது அரிது. அந்த மழையிலும் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, கூடையைத் தலையில் மாட்டி, கொழுந்து பறிக்கச் செல்லும் மக்கள் இங்கே நான்கைந்து தலைமுறைகளாக வாழ்கின்றனர். அவர்களிற் பெரும்பாலோர் மாரியம்மனையும் முருகனையும் வழிபடுவோர். சிறுபான்மையினராகிய கத்தோலிக்கரும் அவர்களிடையே உளர். அந்தச் சிறுபான்மையினரின் ஆன்மிக வாழ்வைப் பேணும் பொறுப்பு, தொலைவிலுள்ள இத்தாலிய மலையொன்றிலே தோன்றிய துறவியர் சபையொன்றின் கையில் நெடுங்காலம் இருந்தது என்பது, வரலாற்றின் விந்தைகளுள் ஒன்றாகும்.

அச்சபையினர் அர்ச். ஆசீர்வாதப்பரின் ஒழுங்கைப் பின்பற்றுபவர். பெனடிக்ற் என்னும் பெயருக்கு ஆசி பெற்றவர் என்பது பொருள். ஆகவே தமிழ்க் கத்தோலிக்கர் அவரை ஆசீர்வாதப்பர் என்றே அழைத்து வந்தனர். ஏறக்குறைய கி. பி. 480இல் இத்தாலியிலுள்ள நூர்சியாவிற் பிறந்த இவர், உரோம சாம்ராச்சியம் சிதைந்து கிடந்த காலத்திலே குகையொன்றில் தவமிருந்தார். பின்னர் மொந்தே கசினோ என்னும் குன்றில் மடம் அமைத்தார். தம் துறவியருக்கென அவர் 73 அதிகாரங்களில் எழுதிவைத்த ஒழுங்கு நூல், ஐரோப்பாவின் கல்விக்கும் வேளாண்மைக்கும் பல நூற்றாண்டுகளாக அடித்தளமாய் விளங்கிற்று.

அந்த நூலின் சில கூறுகளை இங்கே எண்ணிப் பார்த்தல் தகும். துறவி தன் கையால் உழைத்து உண்ண வேண்டும். வாயிலுக்கு வரும் விருந்தினரை, அவருள்ளும் சிறப்பாக ஏழைகளையும் வழிப்போக்கரையும், கிறிஸ்துவையே வரவேற்பதுபோல வரவேற்க வேண்டும். மடத்துக் கருவிகளைப் பீடத்தின் திருப்பாத்திரங்களைப் போலப் பேண வேண்டும். அடிமையாயிருந்து வந்தவனைவிடச் சுதந்திரப் பிறப்புடையவனை மடத்தலைவர் உயர்த்தி வைக்கலாகாது. இவை யாவற்றோடும், மடம் புகும் ஒவ்வொருவரும் நிலைபேறு என்னும் வாக்குறுதியைக் கொடுக்க வேண்டும். புகுந்த இடத்திலேயே, சேர்ந்த சகோதரருடனேயே, இறக்கும்வரை நிலைத்திருப்பேன் என்பதே அதன் கருத்து.

இந்த ஒழுங்கை மேற்கொண்டு, 1231ஆம் ஆண்டில் பாப்ரியானோ நகருக்கு அண்மையிலுள்ள மொந்தே பானோ மலையிலே ஒரு மடத்தை நிறுவியவர் அர்ச். சில்வெஸ்தர். அவர் வழிவந்தோர் சில்வெஸ்தர் சபையினர் எனப் பெயர் பெற்றனர். 1247இல் நான்காம் இன்னொசென்ற் பாப்பரசர் இச்சபையை அங்கீகரித்தார். ஆசீர்வாதப்பர் வழியினருள் இது சிறியதொரு கிளையே. அச்சிறு கிளையின் வேர், பின்னொரு காலத்தில் இலங்கையின் மலைநாட்டில் ஊன்றியது.

மலைநாட்டிற் கத்தோலிக்க சமயம் அவர்களோடு தொடங்கியதன்று. ஒல்லாந்தர் ஆட்சியிலே கத்தோலிக்கர் ஒடுக்கப்பட்டிருந்தபோது, கோவாவிலிருந்து 1687இல் மாறுவேடத்துடன் வந்த யோசவ்வாஸ் அடிகள், கண்டி இராச்சியத்தில் அடைக்கலம் பெற்றார். 1711ஆம் ஆண்டு தை மாதம் 16ஆம் நாள் கண்டியிலேயே அவர் காலமானார். அவருக்கு 2015இல் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது. ஆயின் அவர் காலத்து மலைநாடு வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டு உருவாக்கிய மலைநாடு வேறு. ஆங்கிலேயர் காடுகளை வெட்டிக் கோப்பி பயிரிட்டனர். தமிழ்நாட்டிலிருந்து கங்காணிமார் திரட்டி வந்த ஏழைகள், மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே கால்நடையாக நடந்தனர். வழியிலே காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் இரையானோர் பலர். அவ்வாறு வந்து சேர்ந்தவர்களிடையே கத்தோலிக்கரும் இருந்தனர். அவர்களுக்குப் பூசை நிறைவேற்றவும், பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கவும், இறப்பவர்களுக்கு அவஸ்தை அளிக்கவும் குருமார் தேவைப்பட்டனர்.

இத்தேவை பெருகி வந்த 1845ஆம் ஆண்டிலேதான் சில்வெஸ்தர் சபையைச் சேர்ந்த யோசேப்பு மரிய பிராவி என்னும் துறவி இலங்கையில் வந்திறங்கினார். 1850இல் அவர் கொழும்பு விக்கர் அப்போஸ்தலிக்கரின் துணை மேற்றிராணியாரானார். 1854ஆம் ஆண்டில் இச்சபையினர் கண்டியில் அர்ச். அந்தோனியார் கல்லூரியைத் தொடக்கினர். பிராவி ஆண்டகை 1860இற் காலமானார். அவருக்குப் பின் அதே சபையினரான இலாரியோன் சில்லானி ஆண்டகையும், கிளெமென்ற் பன்யானி ஆண்டகையும் அப்பொறுப்பை வகித்தனர். 1883இல் கண்டி தனி விக்கரியாத்தாகப் பிரிக்கப்பட்டது. கொழும்பு அமலமரித் தியாகிகள் சபையினரிடமும், கண்டி சில்வெஸ்தர் சபையினரிடமும் ஒப்படைக்கப்பட்டன. 1886இல் பதின்மூன்றாம் சிங்கராயர் பாப்பரசர் இலங்கையில் திருச்சபை ஆட்சியை முறையாக நிறுவியபோது, கண்டி மேற்றிராசனமாயிற்று. பன்யானி ஆண்டகை அதன் முதல் மேற்றிராணியாரானார்.

இங்கே ஒரு முரண்பாடு தோன்றுகின்றது. ஓரிடத்தில் நிலைத்திருப்பேன் என வாக்களித்தவர் துறவி. பங்குக் குருவானவரோ அலைந்து திரிய வேண்டியவர். அதிலும் மலைநாட்டுப் பங்கு என்பது ஒரு கோயிலும் அதனைச் சூழ்ந்த தெருக்களும் அன்று. பல மைல் தூரத்துக்குச் சிதறிக் கிடக்கும் தோட்டங்களும், ஒவ்வொரு தோட்டத்திலும் பல பிரிவுகளும், பிரிவுக்குச் சில லயங்களும் சேர்ந்ததே ஒரு பங்கு. 1884இல் ஹற்றன் வரையும் புகையிரதப் பாதை நீண்டது. அப்பாதையை விட்டிறங்கினால் மலையேறி நடப்பதே வழி. ஆகவே குருவானவர் ஒரு தோட்டத்துக்கு வரும் நாள் திருநாளாகவே அமையும். அவர் வராத ஞாயிறுகளிலே உபதேசியார் மக்களைச் சிறு கோயிலிற் கூட்டிச் செபமாலை சொல்வித்தார். பூசை இலத்தீன் மொழியில் நடந்தது. மக்களின் கண்ணீரும் வேண்டுதலும் தமிழில் நடந்தன. பிரசங்கத்துக்குத் தமிழும், பட்டினத்து மக்களுக்குச் சிங்களமும், துரைமாரோடு உரையாட ஆங்கிலமும், பீடத்தில் இலத்தீனும் என நான்கு மொழிகளை ஒருவரே பயில வேண்டியிருந்தது.

அன்றியும், தோட்டம் என்பது தனியார் உடைமை. யார் உள்ளே வரலாம், யார் வரலாகாது என்பதைத் தீர்மானிப்பவர் துரை. கோயில் கட்ட நிலமும் அவர் மனமிருந்தாலே கிடைக்கும். ஆகவே மலைநாட்டுக் குருவானவர் எவராயினும் ஒரு வினாவுக்கு விடை கூறாமல் இருக்க இயலாது. பங்களாவுக்கும் லயத்துக்கும் இடையே எங்கே நிற்பது என்பதே அவ்வினா. பங்களாவைப் பகைத்துக்கொண்டால் லயத்தினுள் நுழைய முடியாது. பங்களாவோடு ஒட்டிக்கொண்டால் லயத்தின் உள்ளத்தினுள் நுழைய முடியாது. இந்த இக்கட்டு ஆசீர்வாதப்பர் துறவிகளுக்கு மட்டுமன்றி, மலைநாட்டில் உழைத்த எல்லாச் சபையினருக்கும் உரியதாயிருந்தது.

துறவியின் நிலைபேறும் தொழிலாளியின் நிலையின்மையும் இவ்வாறு எதிரெதிரே நின்றன. கோப்பிக் காலத்திலே பருவந்தோறும் வந்து திரும்பிய மக்கள், 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்துத் தேயிலை பரவிய பின்னர், ஆண்டு முழுவதும் தங்கி உழைக்கத் தலைப்பட்டனர். ஆயினும் அவர்களுக்கென ஓரடி நிலமில்லை. கடன் பளுவோடு துண்டு என்னும் சீட்டைக் கொண்டு தோட்டத்துக்குத் தோட்டம் மாறும் முறை 1921இலேயே ஒழிக்கப்பட்டது. பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட லய அறையிற் பிறந்து, அதிலேயே மணந்து, அதிலேயே மடிந்தவர்களுக்கு, அந்த அறையும் சொந்தமன்று. வேலை போனால் வீடும் போயிற்று.

1911இற் பன்யானி ஆண்டகை காலமானபின், 1912இல் பீட் பீக்மையர் ஆண்டகை கண்டி மேற்றிராணியாரானார். இலங்கையிற் பிறந்து மேற்றிராணியாரான முதல்வர் இவரே. 1935இல் இவர் காலமாக, 1936 முதல் 1958 வரை இத்தாலியரான பேர்ணாட் றெக்னோ ஆண்டகை அப்பதவியை வகித்தார். இவர்கள் அனைவரும் சில்வெஸ்தர் சபைத் துறவியரே. றெக்னோ ஆண்டகையின் காலத்திலே, 1941இல், கண்டியில் அர்ச். சில்வெஸ்தர் கல்லூரியும் தோன்றியது. கண்டிக்கு அண்மையிலுள்ள அம்பிட்டியாவில் இச்சபையினரின் மடம், தாய் மடத்தின் நினைவாக மொந்தே பானோ என்னும் பெயரையே தாங்கி நிற்கின்றது.

றெக்னோ ஆண்டகையின் காலத்திலேதான் மலையக மக்களின் வாழ்வில் பேரிடி விழுந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கிற்று. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்க் குடியுரிமை கோரி எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். அதனைப் பெற்றவர்களோ ஏறக்குறைய 1,34,000 பேரே. இத்தனை ஆண்டுகள் இடையறாது இந்நாட்டில் வாழ்ந்தோம் என்பதற்கு எழுத்துச் சான்று காட்டும்படி, எழுத்தறியா மக்கள் கேட்கப்பட்டனர். திருச்சபைச் சட்டத்தின்படி ஒவ்வொரு பங்கிலும் பேணப்படும் ஞானஸ்நான ஏட்டிலே பிள்ளையின் பெயரும், பெற்றார் பெயரும், ஞானப் பெற்றார் பெயரும், நாளும் எழுதப்படும். துரையின் செக்ரோல் ஏட்டில் வெறும் ஆள் கணக்காக நின்ற தொழிலாளி, அந்த ஏட்டிலே இன்னாருடைய மகன், இன்னாருடைய மகள் எனப் பெயர் பெற்றான். பங்குப் பணியின் பெருமை பெரும்பாலும் இத்தகைய சிறு செயல்களிலேயே அடங்கியிருக்கின்றது.

1959ஆம் ஆண்டில் லியோ நாணயக்கார ஆண்டகை கண்டியின் மேற்றிராணியாராக அபிஷேகம் பெற்றார். இவரும் சில்வெஸ்தர் சபைத் துறவி, சிங்களவர். பதவியேற்ற மறு ஆண்டின் இறுதியிலேயே, அரசு உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளைப் பொறுப்பேற்கும் சட்டம் நாட்டைக் குலுக்கிற்று. கத்தோலிக்கர் பல இடங்களிலே பாடசாலைகளினுட் குடியிருந்து அதனை எதிர்த்தனர். முடிவில் அரசின் திட்டமே நிறைவேறிற்று. ஒரு நூற்றாண்டாகப் பாடசாலையையே தன் பெரும் பலமாகக் கருதிவந்த திருச்சபை, அப்பலம் கைநழுவியபோது, இனி எதனைக் கொண்டு மக்களோடு உறவாடுவது எனச் சிந்திக்கும் நிலைக்கு வந்தது. பாடசாலைகளுக்காக எழுந்த அந்தப் பெருங்குரல், 1948இல் நாடிழந்த தோட்டத் தொழிலாளருக்காகவும் அதே வேகத்தில் எழுந்ததா என்னும் வினாவும், வரலாற்றை நடுநிலையோடு கற்பவர் உள்ளத்தில் எழாமற் போகாது.

1962ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தொடங்கிற்று. லியோ ஆண்டகையும் அச்சங்கத்தின் தந்தையருள் ஒருவராய் அமர்ந்தார். 1965 மார்கழி வரை நான்கு அமர்வுகளாக நடந்த அச்சங்கம், வழிபாட்டை மக்கள் மொழியில் நடத்த வழி திறந்தது. பிற சமயங்களில் உள்ள உண்மையையும் தூய்மையையும் திருச்சபை புறக்கணிப்பதில்லை என அறிவித்தது. ஏழைகளின் இன்ப துன்பங்கள் தன்னுடையவையே எனவும் சாற்றியது. தோட்டத்துச் சிறு கோயிலின் பீடத்தில் தமிழ் ஒலித்தது. அச்சங்கத்தின் கருத்துக்களை ஏட்டளவில் நிறுத்தாது வாழ்வில் இறக்க வேண்டும் என முயன்ற ஆசிய மேற்றிராணிமாருள் லியோ ஆண்டகையும் ஒருவர்.

சங்கம் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, 1964 ஐப்பசி 30ஆம் நாள், சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 5,25,000 பேர் இந்தியாவுக்கு; 3,00,000 பேர் இலங்கைக்கு; எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்ளப்பட வேண்டியவர். பொருள்களைப் பங்கிடுவதுபோல் மனிதர் பங்கிடப்பட்டனர். ஒரே லயத்தில் அண்ணனுக்கு ஒரு நாடும் தம்பிக்கு ஒரு நாடும் வாய்த்தது. மலைநாட்டுப் புகையிரத நிலையங்கள் தோறும் அழுகுரல் எழுந்த காலம் அது. பங்குக் குருவானவர் ஒருவர் அந்நாளிலே செய்யக்கூடியது என்ன? குடும்பங்களைத் தாம் சேர்த்து வைத்த அதே பீடத்திலிருந்து, பிரிந்து செல்வோருக்கு ஆசீர் அளித்து அனுப்புவதே பெரும்பாலும் அவருக்கு எஞ்சிய பணி.

1972ஆம் ஆண்டு மலைநாட்டில் பல மாற்றங்களைக் கண்டது. காணிச் சீர்திருத்தச் சட்டம் அவ்வாண்டிலே நிறைவேறியது. இயேசு சபைக் குருவாகிய போல் கஸ்பேர்ஸ் அடிகள் கண்டியிலே சத்தியோதயம் என்னும் நிலையத்தைத் தொடக்கி, சிங்களவரும் தமிழரும், பல சமயத்தவரும் கூடி வாழவும், தோட்டத் தொழிலாளரின் நிலையை ஆராயவும் வழிசெய்தார். அவ்வாண்டு மார்கழி 18ஆம் நாள், கண்டி மேற்றிராசனத்திலிருந்து ஊவா மாகாணம் பிரிக்கப்பட்டு, பதுளை தனி மேற்றிராசனமாயிற்று. பழைய மேற்றிராசனத்தின் தலைவர் பழைய ஆசனத்திலேயே இருப்பதும், புதியதற்குப் புதியவர் ஒருவர் அனுப்பப்படுவதுமே வழக்கம். லியோ ஆண்டகையோ கண்டியை விட்டுத் தாமே பதுளையை ஏற்றுக்கொண்டார்.

இந்தத் தெரிவின் கனத்தை உணர்வதற்கு, இரண்டு இடங்களையும் ஒப்புநோக்க வேண்டும். கண்டி பெருநகர், பேராலயமும் புகழ்பெற்ற கல்லூரிகளும் மடங்களும் அமைந்த இடம், சபையின் நூற்றாண்டு கால உழைப்பு அங்கே கல்லும் சுண்ணாம்புமாய் நின்றது. பதுளையும் மொனறாகலையுமோ ஏழ்மை மிக்க மாவட்டங்கள். ஒருபுறம் தோட்டங்களிலே தமிழ்த் தொழிலாளர். மறுபுறம் வரண்ட கிராமங்களிலே சிங்களப் பௌத்த விவசாயிகள். கத்தோலிக்கரோ மிகச் சிலர். வசதியுள்ள வீட்டைப் பிறருக்கு விட்டு, இல்லாத வீட்டுக்குத் தாம் குடிபோவதற்கு ஒப்பானது அச்செயல்.

அவர் பதுளைக்கு வந்த வேளையும் கொடியது. 1973, 1974ஆம் ஆண்டுகளிலே உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களைப் பட்டினியில் ஆழ்த்திற்று. 1975இற் கம்பெனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. அக்காலத்திலேதான் ஆண்டகை பண்டாரவளையிலே சேவக்க செவண என்னும் பயிற்சி நிலையத்தை ஏற்படுத்தினார். செவண என்னும் சிங்களச் சொல்லுக்கு நிழல் என்பது பொருள். சேவகரின் நிழல் என நாம் கொள்ளலாம். குருத்துவத்துக்குப் பயிலும் இளைஞர் உயர்ந்த மதில்களின் உள்ளே ஏடுகளை மட்டும் கற்றுவந்த முறைக்கு மாறாக, கிராமத்தவரோடும் தோட்டத்து மக்களோடும் பழகி, அவர்தம் வாழ்விலிருந்து கற்று, அதன்பின் இறையியலை ஆராய வேண்டும் என்பதே அந்நிலையத்தின் நோக்கம். மேல்நாட்டிலே உயர்கல்வி பெற்ற மைக்கல் றொட்றிகோ அடிகளும் அங்கு வந்து கற்பித்தார். அவர் பின்னர் புத்தளைப் பகுதியிலே பௌத்த விவசாயிகளிடையே எளிய குடிலொன்றில் வாழ்ந்து, 1987 கார்த்திகை 10ஆம் நாள், பூசை வேளையிற் சுட்டுக் கொல்லப்பட்டார். பண்டாரவளையில் ஊன்றப்பட்ட வித்து, எத்தகைய தியாகத்தைக் கனியாகத் தந்தது என்பதற்கு அதுவே சான்று.

இம்முயற்சியை எல்லாரும் ஏற்றுக்கொண்டனர் எனக் கூற முடியாது. குருமாரின் கல்வி தரங்குன்றிவிடும் என அஞ்சுவோர் ஒருபுறம். மேற்றிராணியாருக்கு உரியது ஆன்ம இரட்சணியமேயன்றிக் கூலியும் காணியும் அல்ல என வாதிடுவோர் மறுபுறம். இவ்வச்சங்கள் முற்றிலும் பொருளற்றவையல்ல. நல்ல குருவானவருக்கு நூலறிவும் வேண்டும், மக்களறிவும் வேண்டும். ஒன்று மற்றொன்றின் இடத்தை நிரப்பாது. ஆயினும், ஆசீர்வாதப்பரின் ஒழுங்கு நூலைத் திறந்து பார்ப்போருக்கு, லியோ ஆண்டகையின் வழி புதுமையாகத் தோன்றாது. கைத்தொழிலைப் போற்றுக, ஏழையை வரவேற்க, அடிமையென்றும் ஆண்டானென்றும் வேறுபாடு காட்டாதே, கருவியைத் திருப்பாத்திரமாகக் கருதுக என்னும் அப்பழைய நெறிகளைத் தேயிலை மலையில் நடந்து காட்டினால் அது எவ்வாறிருக்கும்? கவ்வாத்துக் கத்தியும் கொழுந்துக் கூடையும் பீடத்துக்கு உரியவையாகும். அவற்றைத் தாங்கும் கைகளும் அவ்வாறே.

நிலைபேறு என்னும் வாக்குறுதியை மீறியல்லவா அவர் கண்டியை விட்டு அகன்றார் என ஒருவர் கேட்கலாம். மேற்றிராணியாராக உயர்த்தப்படும் துறவி மடத்தின் எல்லையைக் கடந்தே ஆக வேண்டும் என்பது சட்டம். அதனினும் ஆழ்ந்ததொரு விடையும் உண்டு. நிலைத்திருத்தல் என்பது கட்டடத்தில் நிலைத்திருத்தலா, மக்களிடம் நிலைத்திருத்தலா? எங்கே மக்கள் நிலையின்றித் தவிக்கின்றனரோ, அங்கே சென்று அவர்களோடு நிலைத்தல் அவ்வாக்குறுதியின் மீறலன்று; அதன் நிறைவேற்றமே.

லியோ ஆண்டகை பதுளை மேற்றிராணியாராகவே 1982ஆம் ஆண்டிற் காலமானார். 1977இலும் 1981இலும் மலைநாட்டுத் தமிழர் வன்செயலுக்கு ஆளானதை அவர் கண்டிருந்தார். 1983ஆம் ஆண்டின் பெருங்கொடுமையை அவர் காணவில்லை. 2003ஆம் ஆண்டிலே எஞ்சியிருந்த இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் நிறைவேறியதையும் அவர் காணவில்லை. பொன்னுக்கும் புகழுக்கும் ஆசைப்படாது விதைத்தவர் பலர் விளைவைக் காணாமலே செல்வது உலக இயல்பு.

வட்டவளையில் இன்றும் மழை பொழிகின்றது. கொழுந்துக் கூடைகள் மலையேறுகின்றன. குடியுரிமை கிடைத்தாயிற்று; காணியுரிமையும் தக்க வீடும் எல்லார்க்கும் கிடைத்தபாடில்லை. ஏறக்குறைய ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் இத்தாலியக் குன்றொன்றில் எழுதப்பட்ட ஒழுங்கு நூலையும், அதனை நெஞ்சிற் கொண்டு மலையேறிய துறவியர் வரிசையையும் எண்ணும்போது, சமயம் எதுவாயினும், மக்களுக்குப் பணிசெய்ய முன்வருவோர் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்றே. யாருடைய வாயிலில் நாம் நிலைத்து நிற்கின்றோம்? லியோ ஆண்டகை அவ்வினாவுக்குத் தம் வாழ்வின் கடைசிப் பத்து ஆண்டுகளால் விடை எழுதிச் சென்றார். அது ஏட்டில் எழுதிய விடையன்று. நடந்து காட்டிய விடை.